நெற்றிக்குள் ஒரு குருவி

நம்ம ஆட்கள் பூனையை நம்பியதே இல்லை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில், 7ஆம் நூற்றாண்டிலேயே, ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, பக்கத்தில் எலிகள். கொல்கத்தா காளிகாட் படங்களில் நெற்றியில் நாமம், வாயில் மீன். 'ருத்திராட்சப் பூனை' என்று இன்றைக்கும் திட்டுகிறோம்.

பால் க்ளே 1928இல் வரைந்த 'பூனையும் பறவையும்' ஓவியத்திலும் பூனையின் நெற்றியில் ஒன்று இருக்கிறது, குருவி. கித்தான் முழுக்க முகம்தான். மூக்கு சிவந்த இதயம் மாதிரி. வேட்டை இல்லை, இரத்தம் இல்லை, நினைப்பு மட்டும். ஜொகூர் பாரு கோப்பிக்கடையில் மேசைக்கு அடியில் மீன்முள்ளுக்குக் காத்திருக்கும் பூனையின் முகத்தைக் கவனித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். க்ளே பூனைக்குத் தீர்ப்பு சொல்லவில்லை. அதன் ஆசையை வரைந்தார். அதற்கு அவருக்கு அரூபம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் 1922 டிசம்பரில் பௌஹவுஸ் கண்காட்சியோடு க்ளேயின் படைப்புகள் கொல்கத்தாவுக்கே வந்திருக்கின்றன. காளிகாட் பூனையின் ஊருக்கு!

1933இல் நாஜிகள் டுசல்டார்ஃப் கலைக்கல்லூரி வேலையைப் பறித்தார்கள். க்ளே சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினார். 1937இல் மூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று அவர் ஓவியங்களை மாட்டிவைத்துக் கேலி செய்தார்கள். பெர்ன் வீட்டில் 1935இல் எடுத்த புகைப்படத்தில், வெள்ளைப் பூனை பிம்போ அவர் கூடவே இருக்கிறது.