சத்தியன் ஞானசேகரன்

சத்தியன் ஞானசேகரன் (பிறப்பு: 8 ஜனவரி 1993), சென்னையைச் சேர்ந்த மேசைப்பந்து வீரர். பொறியியல் படித்துக்கொண்டே ஆட்டத்தையும் விடாமல் தொடர்ந்தவர். முன்னாள் தேசிய வீரர் எஸ். ராமனிடம் பயிற்சி பெற்றவர். 2016இல் பெல்ஜியம் ஓப்பன் பட்டத்தை வென்றார். 2019 மே மாதம் உலகத் தரவரிசையில் 24ஆம் இடத்தை எட்டினார்; முதல் 25 இடங்களுக்குள் அதற்கு முன் எந்த இந்தியரும் நுழைந்ததில்லை.

வலக்கை ஆட்டக்காரரான சத்தியனின் பலம் வேகம்தான். மேசையை ஒட்டியே நிற்பார். பந்து எழும்பும்போதே பேக்ஹேண்டில் திருப்பிவிடுவார். எதிராளிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சக இந்திய வீரர் சரத் கமலின் வலிமையான ஃபோர்ஹேண்ட் வீச்சுக்கு நேர்மாறான பாணி இது. இருவரும் இரட்டையராகச் சேர்ந்தபோது அந்த வேறுபாடே பெரும் பலமானது: 2018, 2022 காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் வெள்ளி.

இவருடைய மன உறுதிக்குச் சான்று 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் ஒற்றையர் வெண்கல ஆட்டம். இங்கிலாந்தின் பால் டிரிங்க்ஹாலுக்கு எதிராக முதல் மூன்று செட்களையும் வென்றார்; அடுத்த மூன்றும் கைநழுவின. உள்ளூர் ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே கடைசி செட்டை 11-9 எனக் கைப்பற்றினார். 2018இல் அர்ஜுனா விருது பெற்றார்.