பொறுப்பு யாருடையது? – கென்ரக்கியின் இளைப்பாறிய ஆசிரியரும் மருத்துவக் காப்புறுதியும்

இலவசக் கல்வியையும் அரச வைத்தியசாலைகளின் இலவச மருத்துவத்தையும் பெற்று வளர்ந்த எமக்கு, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரின் மருத்துவக் காப்புறுதிக் கட்டுப்பணத்தை யார் செலுத்துவது என்னும் வினா ஓரளவு அந்நியமானதாகவே தோன்றும். ஆயின், முதலாளித்துவம் மிக வளர்ச்சியுற்ற ஐக்கிய அமெரிக்காவில் ஆசிரியர்கள் வீதிக்கு இறங்கிய சந்தர்ப்பங்களில் இவ்வினாவும் அவர்களோடு சேர்ந்து வீதிக்கு வந்துள்ளது. கென்ரக்கி மாநிலத்தின் அனுபவம் இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. அக்கட்டுப்பணத்துக்கு அரசு வழங்கும் நிதி ஒரு கொடையா, அன்றி ஆசிரியர் ஏற்கெனவே உழைத்து ஈட்டிய கூலியின் பிற்போடப்பட்ட பகுதியா என்பதே இக்கட்டுரை எழுப்பும் பிரச்சினையாகும்.

அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி தொழிலோடு பிணைக்கப்பட்டமை இயல்பாக நிகழ்ந்ததன்று. அதற்குத் திட்டவட்டமான வரலாற்றுச் சூழ்நிலை உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942ஆம் ஆண்டின் உறுதிப்படுத்தற் சட்டம் கூலி உயர்வைக் கட்டுப்படுத்தியது. எனினும் நியாயமான அளவிலான காப்புறுதியும் ஓய்வூதியமும் அச்சட்டத்தின் பொருளில் கூலியாகக் கொள்ளப்படவில்லை. பணமாகக் கொடுக்க முடியாததை முதலாளிகள் காப்புறுதியாகக் கொடுக்கத் தொடங்கினர். 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் முன்வைத்த தேசிய சுகாதாரக் காப்புறுதி யோசனை, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கடும் எதிர்ப்பினிடையே தோல்வியுற்றது. அனைவருக்குமான உரிமையாக வந்திருக்கக்கூடிய ஒன்று, தொழிற்சாலை தோறும் தொழில் தோறும் பேரம்பேசிப் பெறவேண்டியதாயிற்று. 1965இல் மெடிக்கெயர் சட்டம் நிறைவேறியபோதும் அது 65 வயதைக் கடந்தோரையே முதலில் உள்ளடக்கியது. உழைக்கும் வயதினர் தொழில்வழிக் காப்புறுதியையே நம்பியிருக்க வேண்டிய நிலை மாறவில்லை.

இந்த அமைப்பினுள் ஆசிரியரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தனியார்துறைத் தொழிலாளருக்குக் கூட்டாகப் பேரம்பேசும் உரிமையை அளித்தது. மாநில, உள்ளூராட்சி ஊழியரை அது உள்ளடக்கவில்லை. எனவே மோட்டார்த் தொழிலாளர் ஒப்பந்தத்தின் மூலம் பெற்றதை, கென்ரக்கி ஆசிரியர் சட்டமன்றத்தின் மூலமே பெறவேண்டியிருந்தது. அவர்களுக்கென 1940இல் செயற்படத் தொடங்கிய ஆசிரியர் ஓய்வூதிய அமைப்பே முதுமைக்கால ஆதாரமாயிற்று. கூட்டாட்சி அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் அம்மாநில ஆசிரியர்கள் சேரவில்லை.

27 ஆண்டுச் சேவையின் பின் முழு ஓய்வூதியத்துடன் இளைப்பாறும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்துவந்தது. இருபத்துமூன்று வயதிற் பணியேற்ற ஒருவர் ஐம்பதாவது வயதில் வகுப்பறையை விட்டு விலகலாம். மெடிக்கெயர் கிடைப்பதற்கோ இன்னும் பதினைந்து ஆண்டுகள் உள்ளன. நோய்கள் தலைகாட்டத் தொடங்கும் இப்பதினைந்து ஆண்டுகளே பிரச்சினையின் மையமாகும். இந்த இடைவெளியை நிரப்பியது ஓய்வூதிய அமைப்பு ஏற்பாடு செய்த மருத்துவக் காப்புறுதியே. குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொண்டு ஆசிரியர் பணியில் நிலைத்தோர், இந்த ஏற்பாட்டையும் தம் ஊதியத்தின் ஒரு கூறாகவே கருதிவந்தனர். அக்கருத்து பொருளியல் அடிப்படையிலும் சரியானதே. இன்று கொடுக்க வேண்டியதை நாளைக்கெனப் பிற்போட்டால் அது கூலியாக இல்லாது போய்விடுவதில்லை.

ஆனால், பிற்போடப்பட்டதற்கென நிதி ஒதுக்கப்பட்டதா? இங்கேதான் முரண்பாடு வெளிப்படுகின்றது. 2004 முதல் 2010 வரையில், ஓய்வூதிய நிதிக்குச் சேரவேண்டிய மாநிலப் பங்களிப்பின் ஒரு பகுதி இளைப்பாறியோரின் காப்புறுதிச் செலவுக்குத் திருப்பிவிடப்பட்டது. வட்டியுடன் மீளச் செலுத்தப்படும் கடன் என்பதே அதற்குக் கூறப்பட்ட விளக்கம். ஆசிரியரின் ஒரு பிற்போட்ட கூலியை எடுத்து இன்னொரு பிற்போட்ட கூலியைக் கொடுத்தனர் என்பதே அதன் உண்மைப் பொருள். அதே 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரச கணக்கீட்டு நியமங்கள் சபை தனது 45ஆவது நியமத்தை வெளியிட்டது. இளைப்பாறியோரின் மருத்துவச் செலவுக்கான எதிர்கால உறுதிமொழிகளை மாநிலங்கள் கணக்கிட்டு வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதுவரை ஆண்டுச் செலவாக மட்டுமே தோன்றிய ஒன்று, பெருந்தொகைக் கடன்சுமையாகக் கணக்கேட்டில் இடம்பெறலாயிற்று.

இலக்கிய மாணவன் என்ற வகையில் ஒரு சொல்லை இங்கு சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எமது மொழியில் ‘பொறுப்பு’ என்பது கடமையையும் குறிக்கும். கணக்காளரின் ஏட்டில் சொத்துக்கு எதிர்ப்புறத்தே எழுதப்படும் சுமையையும் குறிக்கும். ஆசிரியருக்கு அரசு ஆற்றவேண்டிய பொறுப்பு, அரசின் ஏட்டில் குறைக்கவேண்டிய பொறுப்பாக மாறிய கதையே கடந்த இருபது ஆண்டுகளின் கதை எனலாம்.

2010இல் நிறைவேறிய சட்டம் ‘பகிர்ந்த பொறுப்பு’ என்ற பெயரால் அறியப்பட்டது. அதன்படி, பணியிலுள்ள ஆசிரியர் மருத்துவ நிதிக்குச் செலுத்திய பங்கு சம்பளத்தின் 0.75 சதவீதத்திலிருந்து ஆறாண்டுகளில் 3.75 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலை மாவட்டங்கள் படிப்படியாக 3 சதவீதம் செலுத்தவேண்டியதாயிற்று. 65 வயதுக்குட்பட்ட இளைப்பாறியோர், மெடிக்கெயரில் வைத்தியர் சேவைகளுக்கான பகுதியின் மாதக் கட்டணத்துக்கு நிகரான தொகையைப் படிப்படியாக ஏற்றனர். 2010இல் அக்கட்டணம் 110 டொலர் 50 சதம். 2010 ஜூலைக்குப் பின் இளைப்பாறி 65 வயதை எட்டாதோருக்கான எஞ்சிய செலவை மாநிலம் ஏற்றது. ஓய்வூதிய நிதியிலிருந்து எடுக்கப்பட்டதை மீள வைப்பதற்குப் பிணைமுறிகள் வெளியிடப்பட்டன.

இச்சட்டத்தை வெறும் தோல்வியாகக் காண்பது வரட்டுவாதமாகும். ஆசிரியர் சங்கமே அதனை ஆதரித்தது. நிதி வற்றிப்போகும் ஆபத்து அதனால் தவிர்க்கப்பட்டது. அதேவேளை, பகிர்வு நிகழ்ந்தது எவரிடையே என்பதையும் கேட்டாக வேண்டும். இளம் ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்தும், முதியோர் தம் ஓய்வூதியத்திலிருந்தும் செலுத்தினர். ஒரே வர்க்கத்தின் இரு தலைமுறையினர் தம்மிடையே சுமையைப் பங்கிட்டுக்கொண்டனர். மருத்துவத்தின் விலையை நிர்ணயிக்கும் மருந்துக் கம்பனிகளும் வைத்தியசாலை நிறுவனங்களும் இந்தப் பகிர்வின் வட்டத்துள் வரவேயில்லை.

அரசின் பங்கு எத்துணை உறுதியற்றது என்பதை 2018 காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரியில் ஆளுநர் மற் பெவின் சமர்ப்பித்த ஈராண்டு வரவுசெலவுத் திட்டம், 65 வயதுக்குட்பட்ட இளைப்பாறிய ஆசிரியரின் காப்புறுதிக்கான மாநில நிதியை ஒதுக்காது விட்டது. பிரதிநிதிகள் சபை தன் வரைவில் அதனை மீளச் சேர்த்தது. மார்ச் இறுதியில் ஓய்வூதிய மாற்றச் சட்டமூலம் ஒன்று, கழிவுநீர் தொடர்பான சட்டமூலத்தின் உள்ளே புகுத்தப்பட்டு அவசரமாக நிறைவேற்றப்பட்டபோது ஆசிரியரின் சினம் வெடித்தது. ஆசிரியர் சுகவீன விடுமுறை எடுத்தமையால் பல மாவட்டங்களிற் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏப்ரல் 2ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் தலைநகர் பிராங்போட்டில் திரண்டனர். வரவுசெலவுத் திட்டத்தை ஆளுநர் தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார். ஏப்ரல் 13இல் சட்டமன்றம் அந்நிராகரிப்பை முறியடித்தது. ஓய்வூதியச் சட்டத்தை மாநில உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் செல்லுபடியற்றதாக்கியது. 2019 நவம்பர்த் தேர்தலில் பெவின் தோல்வியுற்றார்.

இவ்வெற்றியின் எல்லையையும் மறத்தலாகாது. 2022 ஜனவரி முதல் பணியேற்ற ஆசிரியருக்கு வேறொரு ஓய்வூதிய ஏற்பாடு வகுக்கப்பட்டது. ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருப்போர் தாம் பணியேற்ற ஆண்டின்படி வெவ்வேறு முதுமைகளை எதிர்நோக்குகின்றனர். இதற்கப்பால், அவ்வறையைத் துப்புரவு செய்யும் தனியார் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, ஐம்பத்தைந்து வயதிற் கடை வேலையை இழந்தவருக்கோ இத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆசிரியருக்குக் கிடைப்பதை இவர்களின் பெயராற் குறைக்க வேண்டும் என்பது ஆளுந்தரப்பின் வாதம். வரி செலுத்தும் தொழிலாளியை வரியால் வாழும் ஆசிரியருக்கு எதிராக நிறுத்தும் இவ்வாதம் ஓரளவு எடுபடுவதற்குக் காரணம், 1945இல் இழக்கப்பட்ட பொது உரிமையே. அனைவருக்கும் இல்லாத ஓர் உரிமை, அதனைப் பெற்றவரின் கையில் எப்போதும் சலுகையாகவே காட்சியளிக்கும்.

ஆதலின், கட்டுப்பணத்துக்கான அரச நிதியைப் பாதுகாக்கும் போராட்டம் நியாயமானது. ஏனெனில் அது உழைத்துப் பெற்ற கூலியைக் கேட்கும் போராட்டம். ஆயின் அது தன்னளவில் நின்றுவிடின், ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே போராட வேண்டியிருக்கும். ஆசிரியரின் கோரிக்கை, ஒப்பந்தத் தொழிலாளியினதும் வேலையிழந்தவரினதும் கோரிக்கையோடு இணைந்து, மருத்துவத்தைத் தொழிலிலிருந்து விடுவித்து யாவர்க்கும் உரியதாக்கும் இயக்கமாக வளரும்போதே ‘பொறுப்பு’ என்னும் சொல் கணக்கேட்டிலிருந்து மீண்டு தன் பழைய பொருளைப் பெறும்.