செவிலியர் களப்பயிற்சி ஆசிரியர்

மருத்துவமனை வார்டில், நோயாளியின் படுக்கையருகே, செவிலிய மாணவர்களுக்குத் தொழிலைக் கற்றுத்தருபவர். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நிறுவிய பயிற்சிப் பள்ளியில் இப்பணியைப் பெரிதும் வார்டு சிஸ்டர்களே ஏற்றனர்.

நாக்ஸ், மோகன் என்னும் ஆய்வாளர்கள் கனடாவில் 1985இல் உருவாக்கிய மதிப்பீட்டுக் கருவி, நல்ல ஆசிரியரின் 48 நடத்தைகளைக் கற்பிக்கும் திறன், செவிலியத் தேர்ச்சி, மதிப்பிடும் முறை, பழகும் பாங்கு, ஆளுமை என்று ஐந்தாகப் பகுக்கிறது. இவற்றுள் பழகும் பாங்கே மாணவர் விரும்பிக் கற்பதற்கு முதல் காரணம் எனலாம். முதல்முறை ஊசி போடும் மாணவிக்குக் கை நடுங்கும். செய்முறை மனப்பாடமாக இருந்தும் மறந்துபோகும். அப்போது அருகில் நின்று, அவசரப்படுத்தாமல், தவறு நேரும் முன் தடுத்து, திருத்தத்தை நோயாளி எதிரில் அல்லாமல் பிறகு தனியே சொல்பவரிடம் மாணவி தயங்காமல் கேள்வி கேட்பாள். பலர் முன்னிலையில் கடிந்துகொள்பவரிடம் ஐயத்தை மறைப்பாள். அது நோயாளிக்கே ஆபத்து.

கனிவு மட்டும் போதாது. நோயாளியைத் தானே தொட்டுப் பராமரித்துக் காட்டும் தேர்ச்சி வேண்டும். செவிலிய அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984இல் விளக்கியபடி, புதியவர் விதிகளைப் பற்றியே நடப்பார். சூழலறிந்து முடிவெடுக்கும் திறன் அனுபவத்தில்தான் வரும். அந்த அனுபவத்தை அச்சமின்றிப் பெறச் செய்வதே இவ்வாசிரியரின் முதற்கடமை.