பைப் பிற்றர் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிமாருக்கு: மடத்துவெளி முற்றத்தில் கற்றவை

"நாலு அங்குலப் பைப்பின்ர வெளிவிட்டம் எவ்வளவு, சொல்லு பாப்பம்?"

"நாலு அங்குலந்தானே அண்ணை."

"இல்லை. நூற்றுப் பதினாலு தசம் மூண்டு மில்லிமீற்றர். நாலரை அங்குலம். இது தெரியாமல் அங்க போனியெண்டா முதல் நாளே உன்ர கையில கூட்டுமாத்தைத் தருவாங்கள்."

பஸ் வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குள் ஏறியதும் மடத்துவெளி வந்துவிடும். அங்கே என் ஒன்றுவிட்ட அண்ணையின் வீட்டு முற்றத்தில் நடந்த பேச்சு இது. எதிரில் இருந்தவன் அயல்வீட்டுப் பெடியன், வயது இருபத்திரண்டு. கட்டாரில் 'பைப் பிற்றர்' வேலை இருக்கிறது, உடனே காசு கட்ட வேண்டும் என்று ஒரு முகவர் சொல்லியிருந்தார். பெடியனின் தாய் தன்னிடம் மிச்சமிருந்த சங்கிலியை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்டார். தகப்பன் இல்லாத வீடு. அந்தச் சங்கிலி போனால் வேறொன்றும் இல்லை.

ஊடகக் கற்கைகள் படித்துவிட்டுச் செய்தி எழுதித் திரியும் எனக்கு, இந்தத் தொழில் பற்றி அன்றுவரை ஒன்றும் தெரியாது. பிறகு பல மாலைகள் அண்ணையோடு இருந்து கேட்டு எழுதியதும், நான் தேடி அறிந்ததும்தான் இந்தக் கட்டுரை. இதைப் படிக்கும் வீடுகளில் யாராவது ஒருவர் இதே முடிவின் முன் நிற்கக் கூடும்.

'பிற்றர்' என்று போய் 'ஹெல்ப்பர்' ஆனவர்

அண்ணை 2011 இல் வளைகுடாவுக்குப் போனவர். வாய்ப்பேச்சில் வேலை 'பைப் பிற்றர்'. கையெழுத்து வைத்த தாளில் 'ஹெல்ப்பர்'. ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒரு சொல்லை இறங்கிய பிறகுதான் கவனித்தார். இரண்டு வருடம் பைப் சுமந்தார், கிறைண்டர் வயர் இழுத்தார், வெட்டிய துண்டுகளைப் பொறுக்கினார். ஊரில் அடகு நகையின் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

அவரை மாற்றியது ஒரு கொப்பி. மலையாளி போர்மன் ஒருவர் வேலை முடிந்த பிறகு வரைபடம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். அண்ணை ஒவ்வொரு அளவையும் தமிழில் எழுதி வைத்தார். மூன்றாம் வருடம் பிற்றராக நின்றபோது சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. "அந்த ரெண்டு வருசமும் எனக்கு உடம்பில பெலன் இல்லாமல் போகேல்ல. அளக்கத் தெரியாததாலதான் போனது" என்பார்.

எங்களிடம் ஏன் இந்தத் தொழில் இல்லாமல் போனது

வடக்கில் பிற்றர்கள் இருந்தார்கள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி 1990 இல் போரோடு நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை காஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது. அதுவும் போரோடு மூடப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒரு பெடியன் மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று தொழில் பழகுவான். தொழிற்சாலை மூடும்போது போவது வேலை மட்டுமல்ல, பழக்கிவிடும் கைகளும்தான். 1991 இல் தீவை விட்டு எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. எனக்குப் பின் வந்த பெடியளுக்கு முகாமும் வாடகை வீடும்தான் பட்டறை. அதனால்தான் எங்கள் ஆட்கள் தொழிலைப் பாலைவனத்தில், கடன் தலையில் இருக்கும்போது, பழக வேண்டியிருக்கிறது.

பைப் பிற்றர் என்ன செய்கிறார்?

பிளம்பர் வீட்டுக்கும் கட்டடத்துக்கும் தண்ணீர்க் குழாய் பூட்டுபவர். பைப் பிற்றர் தொழிற்சாலைக் குழாய்களைப் பொருத்துபவர். அந்தக் குழாய்களுக்குள் நீராவி, எண்ணெய், எரிவாயு, அமிலம், அமுக்கத்தில் உள்ள கடல்நீர் என எதுவும் ஓடலாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், மின் நிலையம், கப்பல் கட்டும் தளம், உணவுத் தொழிற்சாலை எல்லாவற்றிலும் இவருக்கு வேலை உண்டு. நாட்டுக்குள் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமும் நுரைச்சோலை அனல் மின் நிலையமும் இதற்கு உதாரணங்கள். எங்கள் பக்கத்தில் தாளையடியில் 2024 ஓகஸ்ரில் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் உள்ளே போய்ப் பார்த்தால் பைப்பும் வால்வும் பம்புமாகத்தான் இருக்கும். குடிநீருக்குப் பவுசரைப் பார்த்திருந்து பழகிய தீவாருக்கு இந்தத் தொழிலின் பயனைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

வேலையின் ஒழுங்கு இது. முதலில் ஐசோமெற்றிக் வரைபடத்தை வாசிக்க வேண்டும். ஒரு குழாய்ப் பாதை எங்கே திரும்புகிறது, ஏறுகிறது, எந்த வால்வு எங்கே வருகிறது என்பதை ஒரே தாளில் சாய்வாகக் காட்டும் படம் அது. பிறகு அளந்து குறித்து, வெட்டி, விளிம்பைச் சாய்வாகச் சீவி, எல்போவையும் பிளேஞ்சையும் நேராக நிறுத்தி, வெல்டர் புள்ளி ஒட்டுப் போடும்வரை அசையாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும். முழு ஒட்டையும் போடுவது வெல்டர். ஆனால் குழாய் கோணலாக நின்றால் குற்றம் பிற்றருடையது.

ஒரு கணக்கு

அண்ணை அன்று பெடியனுக்குக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். நாலு அங்குலக் குழாய் ஒன்று நேராகப் போய், 500 மில்லிமீற்றர் பக்கவாட்டில் விலகி, மறுபடி அதே திசையில் போக வேண்டும். இரண்டு 45 பாகை எல்போ பூட்டுகிறோம். நடுவில் வரும் துண்டு எவ்வளவு நீளம்?

• விலகலை 1.414 ஆல் பெருக்க வேண்டும். 500 × 1.414 = 707. இது ஒரு எல்போவின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை உள்ள தூரம்.

• நாலு அங்குல 45 பாகை எல்போ ஒன்று மையத்திலிருந்து விளிம்புவரை 64 மில்லிமீற்றர் எடுக்கும். இரண்டுக்கும் 128. 707 − 128 = 579.

• ஒட்டு உள்ளே இறங்குவதற்கு ஒவ்வொரு மூட்டிலும் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால், இரண்டுக்கும் 6. 579 − 6 = 573.

வெட்ட வேண்டிய துண்டு 573 மில்லிமீற்றர். சாதாரண தரக் கணிதம் போதும். 90 பாகை எல்போவுக்கு இன்னும் இலகு: வழக்கமாகப் பாவிக்கும் நீள ஆரை எல்போ, குழாயின் பெயரளவு விட்டத்தில் ஒன்றரை மடங்கை எடுக்கும். நாலு அங்குலத்துக்கு 6 அங்குலம், ஆறு அங்குலத்துக்கு 9 அங்குலம்.

இன்னும் இரண்டு விடயங்களை நேர்முகத்திலேயே கேட்பார்கள் என்கிறார். பிளேஞ்சின் மேல்-கீழ் மையக்கோடு ஒரு போல்ற் துளையில் விழக்கூடாது, இரண்டு துளைகளுக்கு நடுவே விழ வேண்டும். போல்ற்றுகளை வரிசையாகச் சுற்றி இறுக்கக்கூடாது. எதிரெதிராக, சிறிது சிறிதாக, பல சுற்றில் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் உள்ள கஸ்கெற் ஒரு பக்கம் நசிந்து ஒழுகும்.

இங்கேயே எங்கே பழகலாம்?

தொழிற்பயிற்சி அதிகாரசபை, யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகிய அரச இடங்களில் கேளுங்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை வழியாக ஒரு நிறுவனத்தில் பயிலுநராக நின்று வேலை செய்துகொண்டே பழகவும் முடியும். பாடநெறிப் பட்டியலில் 'பைப் பிற்றர்' என்ற பெயரையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வெல்டிங், பிளம்பிங், இயந்திரப் பொருத்துநர் ஆகிய மூன்றும் இதற்கு நெருங்கிய கதவுகள். வெல்டிங் தெரிந்த பிற்றருக்கு எங்கும் மதிப்பு அதிகம்.

சான்றிதழில் பார்க்க வேண்டியது என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமை. அது ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கும் கைத்தொழில் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்ட மட்டம். தொழிலாளியாகப் புறப்படுபவர் மட்டம் 3 அல்லது 4 ஐ இலக்காக வைக்கலாம். தனியார் நிலையம் ஒன்றில் சேர்வதாக இருந்தால், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, அந்தப் பாடநெறி என்.வி.கியூ தருவதா என்று முதலில் பாருங்கள். அழகான சட்டகத்தில் தரும் எல்லாத் தாளும் சான்றிதழ் அல்ல.

ஏற்கனவே வெளிநாட்டில் அல்லது பட்டறையில் தொழில் பழகியவர்கள் மறுபடி வகுப்பில் இருக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி என்.வி.கியூ பெறலாம். அண்ணை ஊருக்கு வந்து பெற்ற மட்டம் 4 இப்படிக் கிடைத்ததுதான். சேவைக் கடிதம், அடையாள அட்டை, வேலைத்தளப் படங்கள் எதையும் எறியாதீர்கள். அவைதான் அனுபவத்துக்குச் சாட்சி. இடம்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் திரும்பப் பெற முடியும். விசா வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

சங்கிலியை அடகு வைக்கும் முன்

• முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அவர் சொல்லும் அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989.

• ஒப்பந்தத்தில் உள்ள பதவிப் பெயரை ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். சம்பளம், மேலதிக நேரம், சாப்பாடு, தங்குமிடம், திரும்பும் ரிக்கற் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

• "விசிற் விசாவில போ, அங்க மாத்தலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை, பிரச்சினை வந்தால் கேட்க ஆளும் இல்லை.

• வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்றே உண்டு. பழைய நெஞ்சுநோயின் தழும்போ எறிகணைச் சிதறலோ உடலில் இருப்பவர்கள், காசு கட்டும் முன்பே எங்கள் வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். இதை மறைத்துக் காசு கட்டிவிட்டுத் திரும்பிய வீடுகள் உண்டு.

உடம்பு

இந்தத் தொழிலில் கவனயீனத்துக்கு இரண்டாம் வாய்ப்புக் குறைவு. காப்பு மூடி கழற்றிய கிறைண்டரைத் தொடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த குழாயின் பிளேஞ்சைத் திறக்கும் முன், அது அடைத்துப் பூட்டப்பட்டு அமுக்கம் இறக்கப்பட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எண்ணெய்த் தளங்களில் வரும் ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் கூழ்முட்டை மணக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாது. மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. வெல்டிங்குக்காக ஆகன் வாயு நிரப்பிய பெரிய குழாய்க்குள் தலையை விட்டால் சத்தமில்லாமல் மயங்கிவிடுவீர்கள்.

முடித்த குழாயைத் தண்ணீர் நிரப்பி, வழக்கமாக வடிவமைப்பு அமுக்கத்தின் ஒன்றரை மடங்கில் சோதிப்பார்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் மூட்டு விட்டாலும் பெரும்பாலும் பீச்சும். அமுக்கிய காற்றால் சோதிக்கும்போது விட்டால் வெடிக்கும். எதுவாக இருந்தாலும் சோதனை நேரத்தில் மூட்டுக்கு நேரே நிற்காதீர்கள்.

கட்டாரில் யூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வெளிவேலை செய்விப்பது தடை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை, பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை. இவை உங்களுக்கான சட்டங்கள். தெரிந்து வைத்திருப்பவன்தான் கேட்கலாம்.

முற்றத்தில்

பெடியனின் தாய்க்கு அண்ணை சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, போக வேண்டாமெண்டு நான் சொல்லேல்ல. தெரிஞ்சுகொண்டு போகட்டும். ஒரு வருசம் பொறுங்கோ."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வருடம் பொறுப்பது எங்கள் வீடுகளில் சின்ன விடயம் இல்லை. பயிற்சிக்குப் போய்வர பஸ் காசு வேண்டும், அதுவரை உலை எரிய வேண்டும். வீட்டுக்குச் செலவுக்குக் காசு அனுப்பும் வெளிநாட்டு உறவுகள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முகவரின் கட்டணத்தைவிட ஒரு வருடப் பயிற்சிச் செலவு குறைவாகத்தான் முடியும்.

கடைசியாக நான் ஊருக்குப் போனபோது பெடியன் யாழ்ப்பாணத்தில் வெல்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். காலை பஸ்ஸில் போய் இருட்டித்தான் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையின் முற்றத்தில் பிளாஸ்ரிக் பைப் துண்டுகளை வைத்து அளந்து பழகுகிறான். கணக்கை என்னிடமும் கேட்டான். நான் பிழையாகச் சொன்னேன். மூட்டு இடைவெளியைக் கழிக்க மறந்துவிட்டேன் என்று திருத்தினான்.

சங்கிலி இன்னும் தாயின் கழுத்தில் இருக்கிறது.