நழுவும் தண்டு

டிராக்டரின் பின்புறம் சுழன்று, எஞ்சினின் விசையைக் கதிர்கட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் தண்டை பி.டி.ஓ. என்பார்கள். 1918வாக்கில் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் சக்கரத்துக்கும் தண்டுக்கும் ஒரே கிளட்ச்தான். கதிர் அடர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தக் கிளட்சை மிதித்தால் தண்டும் நின்றுவிடும். விழுங்கிய தாளோடு இயந்திரம் அடைத்துக்கொள்ளும். உழவர் இறங்கிக் கையால் பிடுங்கவேண்டும். ஆபத்தான வேலை!

1940களின் பிற்பகுதியில் கனடாவின் காக்‌ஷட் 30 தண்டுக்குத் தனிக் கிளட்ச் தந்தது. பெரும் விடுதலைதான். ஆனால் தேய்வதற்கும் தனித் தகடுகள் வந்துவிட்டன. வெறுமனே சுழல்கையில் ஒழுங்காயிருக்கும் தண்டு, சுமை ஏறியதும் நழுவும். எஞ்சினோ அதே சீரில் உறுமிக்கொண்டிருக்கும். நெம்புகோல் தகடுகளை முழுதாக அழுத்துகிறதா என்றே முதலில் பார்க்கவேண்டும். சில வேளை திருகைச் சற்றுத் திருத்தினாலே போதும். தகடு கருகியிருந்தால் பிரித்துத்தான் ஆகவேண்டும்.