வதிவும் உரிமையும்: மலைநாட்டுத் தமிழரின் பிரஜாவுரிமை வரலாறு

ஒரு நாட்டில் நெடுங்காலம் வாழ்தல் வேறு. அந்நாட்டிற்கு உரியவராதல் வேறு. முன்னையது வாழ்வாற் பெறப்படுவது. பின்னையது சட்டத்தால் அளிக்கப்படுவது. இவ்விரண்டும் தம்முட் பொருந்தாவிடத்து நேரும் அல்லலுக்கு இலங்கை மலைநாட்டுத் தமிழர் வரலாறு தக்க சான்றாகும். அவர்களை வருவித்தற்குத் திறந்திருந்த கடல்வழியே பிற்காலத்தில் அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கண்டிப் பகுதிகளிற் கோப்பிச் செய்கை பெருகியது. கோப்பி பறித்தல் ஆண்டிற் சில மாதங்களில் முடிவுறும் வேலையாகும். ஆதலின் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகளுடன் வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டிற்கு நடந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் நோயால் மாண்டோர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பெற்றது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. எனவே தொழிலாளரும் குடும்பத்துடன் லயங்களில் நிலையாகத் தங்க வேண்டியவராயினர். பயிர் மாறியமையால், வந்து போனோர் வாழ்வோராயினர் எனலாம்.

எனினும் கடல்வழி அடைபடவில்லை. இரு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. மண்டபம் முகாமைக் கடந்து தொழிலாளர் வந்தனர். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் ஊர் சென்று மீண்டனர்.

1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, இவர்கள் நிலையாகக் குடியிருப்போர்தாமா என்னும் வினா எழுந்தது. இலங்கை அரசாங்கம் தன் சேவையிலிருந்த இந்திய நாட்கூலியாளரை விலக்க முற்பட்டமையால், 1939 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டப்புறத் தொகுதிகள் பலவற்றில் வென்றது, நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்தமை மட்டும் அதன்படி போதுமானதன்று. தந்தையும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் பதிவுக்கு வழிவகுத்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்திருத்தல் அதன் நிபந்தனை. அதே 1949 இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டுமே உரியதாயிற்று. இச்சட்டங்களைக் கோமறைக் கழகம் 1953 இல் செல்லுபடியானவை எனத் தீர்த்தது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது 'இடையறாத வதிவு' என்னும் சொற்றொடர். ஒருவர் ஒரே முறையில் 12 மாதத்திற்கு மேல் வெளியே தங்கியிருப்பின் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. தாயின் நோய்க்காக ஊர் சென்று தங்கியவர் அதனால் உரிமை இழக்கலாயினர். லயத்திற் பிறந்து எழுத்தறியாது வாழ்ந்தவரிடம் பிறப்புச் சான்றும் வதிவுச் சான்றும் வேண்டப்பட்டன. 8 இலட்சத்திற்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன. 1960களின் தொடக்கம்வரை உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவரே. 1949 இல் குடிவரவுச் சட்டமும் நடைமுறைக்கு வரவே, முன்னர் எளிதிற் கடக்கப்பட்ட கடல் அனுமதியின்றிக் கடத்தற்கரியதாயிற்று. 'கள்ளத்தோணி' என்னும் வசைச்சொல், இம்மண்ணிலேயே பிறந்தோர் மீதும் சுமத்தப்பட்டது.

யாழ்ப்பாணத்திற் சிலர் இதனைத் தம்மைச் சாராத செய்தியெனக் கருதினர். சா. ஜே. வே. செல்வநாயகம் அவ்வாறு கருதவில்லை. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றுதற்கு இவ்விடயத்தில் எழுந்த கருத்து வேற்றுமையும் ஒரு காரணமாகும்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரவர் எனக் கணித்து, 5 இலட்சத்து 25 ஆயிரவரை இந்தியாவும் 3 இலட்சவரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரவரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. பொருளைப் பங்கிடுவதுபோல் மாந்தர் பங்கிடப்பட்டனர். அவர்களின் விருப்பம் முன்னர் வினவப்படவில்லை. விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது, இலங்கைக்கு ஒதுக்கிய தொகையிலும் மிகப் பலர் இந்நாட்டையே வேண்டினர். இந்தியாவிற்குரிய தொகையோ நிரம்பவில்லை. தாயகம் திரும்புவோர் எனப்பட்டவருட் பலர் அத்தாயகத்தை முன்பு கண்டறியாதவர். அண்ணன் ஒரு நாட்டிற்கும் தம்பி மற்றொரு நாட்டிற்கும் உரியவராயினர். தலைமன்னார் செல்லும் புகைவண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி' என்பது. 1984 இல் கப்பற் சேவை நின்றபின், செல்ல வேண்டியோர் பலர் செல்லாது இங்கேயே தங்கினர்.

அவர்களின் நிலையை 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஓரளவு தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும், இங்கு வதியும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. பாட்டன் பிறந்த இடம் அதனால் வினவப்படவில்லை. வாழ்ந்தமையே உரிமைக்கு அடிப்படையாயிற்று. தேயிலைச் செடி ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே நிலைநாட்டிய உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொள்ள 55 ஆண்டுகள் சென்றன. அதற்கிடையிற் பிரிந்துபோன குடும்பங்களை ஒன்றுசேர்க்க எச்சட்டத்தாலும் இயலவில்லை.