இந்தியாவில் படைக்கலத் தடையும் தற்காப்புரிமையும்

தன் உடலையும் உடைமையையும் தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமை இந்தியச் சட்டத்தில் எல்லோருக்கும் உண்டு. அதற்கான ஆயுதத்தை வைத்திருக்கும் உரிமையோ அரசு தரும் உரிமத்தைப் பொறுத்தது. இவ்விரண்டும் வெவ்வேறு சட்டங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு பிறந்தவை.

தமிழ்நாட்டில் ஆயுதத் தடையின் கதை பாளையக்காரர் போரோடு தொடங்குகிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கிழக்கிந்தியக் கும்பினி ஆணையிட்டது. 1801இல் மருது சகோதரர்களின் எழுச்சி ஒடுக்கப்பட்டபின் அந்தத் தடை மேலும் இறுகியது. கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801இல் அதே மனிதரைத் தேடிச் சென்ற படையில் வெல்ஷும் இருந்தார். ஊர்க்காவலையே வாழ்வாகக் கொண்டிருந்த குடிகள் நிறைந்த நாட்டில், காவல் அதன்பிறகு அரசின் வேலையாக மாறத் தொடங்கியது.

1857 எழுச்சிக்குப் பிறகு நாடெங்கும் ஆயுதக் களைவு நடந்தது. லிட்டன் வைஸ்ராயாக இருந்த 1878இல் வந்த படைக்கலச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. இந்தியர்கள் துப்பாக்கிக்கு மட்டுமல்லாமல் வாளுக்கும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. மக்களின் பாதுகாப்புக்காக இயற்றப்பட்டது என்று படைக்கலச் சட்டத்தைச் சொல்ல முடியாது. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் நிறம் பார்த்து விலக்கு அளித்திருக்க வேண்டியதில்லை.

குடகர்களுக்கு மட்டும் தனி வழி இருந்தது. ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்ததற்காக, 1861இல் ஆணையர் மார்க் கப்பன் அவர்களுக்கு ஆயுதத் தடையிலிருந்து விலக்களித்தார். அது பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. துப்பாக்கிக்கு மலர் சூட்டி வழிபடும் கைல்போது விழா இன்றும் குடகில் நடக்கிறது.

ஆயுதத்தைப் பறித்த அதே ஆட்சிதான் தற்காப்புரிமையையும் விரிவாக எழுதிவைத்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் அதற்கானவை. அச்சட்டத்தின் முதல் வரைவை 1837இல் உருவாக்கிய மெக்காலே குழு, இந்நாட்டு மக்கள் அடங்கிப்போகிறவர்கள், அவர்களுக்கு எதிர்த்து நிற்கும் துணிவை ஊட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்தப் பகுதியை அமைத்தது. 2024 ஜூலை 1 முதல் அதே விதிகள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக நடப்பில் உள்ளன. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு போன்றவற்றுக்கு அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், தாக்கியவர் உயிரிழந்தாலும் தற்காத்தவர் குற்றவாளி ஆகமாட்டார். காவல்துறையை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. ஆனால் உயிருக்குப் போராடுகிறவர் தன் அடியைத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஒப்புக்கொள்கின்றன. தற்காப்புரிமை பற்றிய நெறிகளை உச்ச நீதிமன்றம் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் தொகுத்துத் தந்தது.

விடுதலைப் போராட்டத்தில் ஆயுத உரிமையும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அகிம்சையைப் போதித்த காந்தியே, ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டத்தை ஆங்கிலேயர் செய்த தீமைகளில் மிகக் கொடியதாகக் கண்டார். 1930இல் வைஸ்ராய் இர்வினிடம் அவர் வைத்த பதினொரு கோரிக்கைகளில் ஒன்று, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பது. 1931 காங்கிரஸ் கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும் விதிமுறைகளுக்கு உட்பட்ட ஆயுத உரிமை இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை முன்மொழிந்தபோது சபை ஏற்கவில்லை. குற்றத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அந்த உரிமை போய்ச் சேரும் என்பது அம்பேத்கரின் மறுப்பு. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை மட்டுமே அரசியலமைப்பில் நின்றது. சீக்கியர் கிர்பான் அணிவது மத உரிமையாக 25ஆம் பிரிவில் காக்கப்பட்டது.

1878ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் பதினைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தது. அதன் இடத்துக்கு வந்த 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே உரிய கருவிகளையும் கைத்தடியையும் லத்தியையும் அது ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. வாள் போன்ற கூராயுதங்களுக்கு, அரசு அறிவித்த பகுதிகளில் மட்டுமே உரிமம் வேண்டும். தானியங்கித் துப்பாக்கி குடிமக்களுக்குத் தடை. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது.

உரிமம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி சாதிக் கலவரம் நடந்த ஊர்களில்தான் கூர்மையாகிறது. நிலமும் செல்வாக்கும் உள்ள வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி சுவரில் தொங்க, சேரியில் கம்பு மட்டும் இருந்தால், எழுத்தில் சமமான தற்காப்புரிமை நடப்பில் சமமாக இருப்பதில்லை. இதைச் சட்டமே ஒருமுறை நேர்முகமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமத்தை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்கச் சொல்கிறது. கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கவும் இடமளிக்கிறது. ஒரே விதி ஒரு பக்கத்தாரின் துப்பாக்கியை வாங்கிவைக்கிறது, மறு பக்கத்தாருக்கு உரிமம் தருகிறது. தடையையும் தற்காப்பையும் சேர்த்தே எடைபோட்ட சட்ட வாசகம் இந்தியாவில் இதைப்போல் வேறொன்றைக் காண்பது அரிது.